கொலார்டு வெள்ளி

வண்டிக்கார ஓபேட் கடைக்குள் நுழைந்தபோது டாமரிஸ் கொலார்டு சர்க்கரைக் கூம்பை இடுக்கியால் வெட்டிக்கொண்டிருந்தாள். தராசுக்கு எதிரே நெசவுக்காரி கிரேஸ் பையைத் திறந்து பிடித்தபடி நின்றாள். ஓபேட்டுக்கு மெதுவாகப் பேச வராது. மலைப்பாதையில் குதிரைகளை அதட்டி அதட்டித் தொண்டை அப்படி ஆகிவிட்டது.

"என்ன கடைக்காரம்மா, முதலாளி கப்பல் ஏறப் போறாரா? சொல்லவே இல்லையே!"

"கப்பலா? வெல்ஸ்ல அவரு அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. பாத்துட்டு நாளைக்கு வந்துருவாரு."

"வெல்ஸா?" ஓபேட் சிரித்தான். "வெல்ஸ் தெக்கால இல்ல இருக்கு? நான் பாத்தப்ப அவரு பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போற கோச்சு வண்டியில உக்காந்திருந்தாரு. காலுக்கடியில அந்த இரும்புப் பட்டை போட்ட பெட்டி. கை காட்டினேன். தொப்பிய மூஞ்சி மேல இழுத்து விட்டுக்கிட்டாரு."

டாமரிஸின் கையிலிருந்த இடுக்கி நின்றது. "வேற யாரையாவது பாத்திருப்ப."

"அந்தப் பச்சைக் கோட்டு போட்ட வேற ஆளு நம்ம ஆஷ்கோம்ப்ல யாரும்மா இருக்கா?"

கிரேஸ் ஓபேட்டைப் பார்த்தாள், டாமரிஸைப் பார்த்தாள். பிறகு பையை மெல்ல மூடினாள். "சர்க்கரை அப்படியே இருக்கட்டும் அம்மா. வீட்ல கொஞ்சம் வெள்ளி வச்சிருக்கேன். எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லி வாசற்படி இறங்கியவள், தெருவில் கால் வைத்ததும் ஓடத் தொடங்கினாள்.

அது 1812ஆம் வருஷத்துக் கோடை. பிரெஞ்சுக்காரனோடு சண்டை தொடங்கிய காலத்திலிருந்தே அந்தப் பக்கத்தில் சில்லறைக்குப் பஞ்சம். அரசர் தலை போட்ட ஷில்லிங் கைக்கு வந்தால் அது தேய்ந்து, தலையும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல், சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். நல்லதாக ஒன்று வந்துவிட்டால் அதை யாராவது புதைத்து வைத்தார்கள், இல்லாவிட்டால் உருக்கி விற்றார்கள். நெசவாளிக்குக் கூலி கொடுக்கக் காசு இல்லை. கூலி வாங்கியவனுக்கு ரொட்டிக்கடையில் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. துணியும் மளிகையும் விற்ற டாமரிஸின் கணவர் ஜேபெஸ் கொலார்டு போன வருஷம்தான் துணிந்து பர்மிங்காம் பட்டறையில் சொந்தமாக வெள்ளிக்காசு அடித்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் கயிற்றில் தொங்கும் ஆட்டுத்தோல். மறுபக்கம் அவர் பெயர், கேட்டவருக்கு அரசாங்கப் பணமாக மாற்றித் தரப்படும் என்ற வாக்கு. ஒன்று ஒரு ஷில்லிங். ஊர்க்காரர்கள் அதைக் கொலார்டு வெள்ளி என்றார்கள்.

வாக்கு அவருடையது. ஆனால் கல்லாவில் நின்று அதை ஒவ்வொருவர் கையிலும் வைத்தவள் டாமரிஸ். முதல் தடவை கிரேஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடித்தும் பார்த்துவிட்டு, "இது செல்லுமா?" என்று கேட்டாள். "நான் இந்த மேசைக்குப் பின்னாடி நிக்கிற வரைக்கும் செல்லும்" என்று டாமரிஸ்தான் சொன்னாள். அதே மாதிரி இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

போன மாதம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், இதே போல வெள்ளி அடித்த தானிய வியாபாரி ஒருவன் இருந்ததையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அவன் பெயர் போட்ட வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் தெருவில் உட்கார்ந்து அழுததாக ஓபேட்தான் வந்து சொன்னான். ஜேபெஸ் அதைக் கேட்டு, "அயோக்கியன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

டாமரிஸ் பின்கட்டு அறைக்குப் போனாள். இரும்பு அலமாரியின் சாவி எப்போதும் தொங்கும் ஆணியிலேயே தொங்கியது. திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணை நம்பாமல் கையை உள்ளே விட்டு மூலை மூலையாகத் தடவினாள். விரலில் தூசிதான் ஒட்டியது. நோட்டுக்கட்டுகள் இல்லை, தங்கக் கினிக் காசுகள் இல்லை. சுவர் அடுக்கில் மாமியாரின் வெள்ளிக் கரண்டிகள் இருந்த பெட்டியை எடுத்தாள். அது கையோடு லேசாக மேலே வந்தபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் திறந்து பார்த்தாள். நீல வெல்வெட்டில் கரண்டிகளின் பள்ளங்கள் மட்டும் இருந்தன.

கொஞ்ச நேரம் அவள் காதில் எதுவும் விழவில்லை. தெருவில் நாய் வாயைத் திறந்து மூடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள். பதினாறு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனுஷன். காலையில் கிளம்பும்போது நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "மெழுகுவத்தி ஆர்டர் வந்தா எண்ணி வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்கதவைத் திறந்துகொண்டு தங்கை லெட்டிஸ் மூச்சிரைக்க வந்தாள். "அக்கா! ஊரே பேசுது. நிஜமா?"

டாமரிஸ் அலமாரியைக் காட்டினாள்.

லெட்டிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளுக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. "முன்கதவத் தாழ்ப்பாள் போடு. நல்ல துணியா பாத்து எடுத்து என் வீட்டுக்கு அனுப்பு. டீத்தூள் பெட்டிய நான் தூக்கிக்கிறேன். அவங்க வர்றதுக்குள்ள, அக்கா, சீக்கிரம்!"

"அவங்க வந்துட்டாங்க" என்றாள் டாமரிஸ்.

முன்கடையில் கால் சத்தம் நிறைந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால் கசாப்புக்கடை ஹேனம், ரத்தக்கறை படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நின்றார். தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்; அதற்குள் வெள்ளி. அவருக்குப் பின்னால் கிரேஸ், ரொட்டிக்கடைக்காரர், கம்பளிச் சாயத்தில் முழங்கை வரை நீலமான ஆட்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். யாரும் கத்தவில்லை.

"கடைக்காரம்மா, நேராவே கேக்குறேன்" என்றார் ஹேனம். "முதலாளி எங்க?"

"தெரியாது."

"வெல்ஸ் போயிருக்கிறதா சொன்னீங்களாமே."

"என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. எனக்குத் தெரியாது."

ஒரு முனகல் கடை முழுக்க ஓடியது. ஹேனம் தலையை ஆட்டினார். "லண்டன்ல சட்டம் போட்டாச்சாம். இனிமே தனி ஆளுங்க வெள்ளி அடிக்கக் கூடாதாம், இருக்கிறதும் செல்லாதாம். இன்னிக்குக் காலையில பத்திரிகையில படிச்சேன். உங்க வீட்டுக்காரரு நமக்கு முன்னாடியே படிச்சிருக்காரு. அதான் கம்பிய நீட்டிட்டாரு."

"அப்ப இது என்னத்துக்கு ஆகும்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி தன் கையை உயர்த்திக் காட்டினாள். "என் ஒரு மாசக் கூலி இது!"

டாமரிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். யாரும் எதிர்பார்க்காதபடி குனிந்து, மாவு சலிக்கும் பெரிய மரத்தொட்டியைத் தூக்கி மேசை மேல் வைத்தாள்.

"வெள்ளிய இதுல போடுங்க. போட்டதுக்குச் சாமான் எடுத்துக்குங்க. விலை நேத்து என்னவோ அதேதான். வரிசையா வாங்க."

"அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்று லெட்டிஸ் பின்னாலிருந்து இழுத்தாள்.

"கைய விடுடி. இவங்க கையில எடுத்துக் குடுத்தது நான்."

பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. வெள்ளி தொட்டியில் விழும் சத்தம். ஃபிளானல் துணி அளந்து கிழிபடும் சத்தம். பாலாடைக்கட்டி உருளைகள் ஆள் ஆளாகக் கை மாறிப் போயின. சோப்பு போயிற்று, டீத்தூள் போயிற்று, அன்றைக்குத்தான் வந்த மெழுகுவத்திகள் கட்டுப் பிரிக்காமலே போயின. அலமாரிகளின் பின்பலகை தெரிய ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பலகையை அவள் பார்த்ததே இல்லை.

கடை காலியான பிறகும் வரிசை தெரு வரைக்கும் நின்றது.

"மேல வாங்க" என்றாள்.

மாடியிலிருந்து பித்தளைப் பாத்திரங்கள் இறங்கின. ஈயத்தட்டுகள், நாற்காலிகள், ஜன்னல் திரைகள். சுவர்க் கடிகாரத்தைக் கிரேஸ் தயங்கித் தயங்கி எடுத்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். கீழேயெல்லாம் விலை சொன்னது டாமரிஸ். மேலே வந்ததும் அவரவர் சொன்னதுதான் விலை. ஹேனம் தொப்பியில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கட்டிலைக் கண்ணால் காட்டினார். "இறகு மெத்தையோட சேத்து?"

அந்தக் கட்டிலுக்கு அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகாது. டாமரிஸ் தலையசைத்தாள். நாலு பேர் கட்டிலைப் படியில் இறக்கித் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அவளும் பின்னாலேயே வாசல் வரை போனாள். வெயிலில், எல்லார் கண்ணெதிரிலும், அவளும் ஜேபெஸும் படுத்த கட்டில் தெருவோடு போயிற்று.

கூட்டத்தில் சாயப்பட்டறை இளைஞன் ஒருவன் சிரித்தான். "கவலப்படாதீங்கம்மா, ஜமைக்கா போனதும் உங்க புருஷன் புதுக் கட்டில் வாங்கி அனுப்புவாரு!"

"எனக்குப் புருஷன் இல்ல!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"கேட்டுக்குங்க எல்லாரும். ஜேபெஸ் கொலார்டுங்கிறவன் எனக்குப் புருஷன் இல்ல. அவன் திருடன். அவன் கடல்ல மூழ்கிச் செத்தாலும் நான் கறுப்புத் துணி போட மாட்டேன்!"

அத்தனை வருஷத்தில் அவரை அவள் 'அவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சாயப்பட்டறைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். டாமரிஸ் உள்ளே போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில், வெறும் கடையில், கவிழ்த்த பீப்பாய் ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். லெட்டிஸ் கொண்டுவந்த ரொட்டி தொடப்படாமல் மடியில் கிடந்தது. வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தாள்.

பச்சைக் கோட்டு. கையில் தொப்பி. பின்னால் சத்திரத்து ஆள் ஒருவன் இரும்புப் பட்டை போட்ட பெட்டியை முதுகு வளையத் தூக்கிக்கொண்டு நின்றான்.

செத்தவர் எழுந்து வந்தால்கூட அவள் அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டாள். எழுந்தாள். ரொட்டி தரையில் உருண்டது.

ஜேபெஸ் சுற்றிலும் பார்த்தார். ஒரு அலமாரி, அடுத்த அலமாரி, திரையில்லாத ஜன்னல். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"டாமரிஸ், என்ன ஆச்சு? கொள்ளை அடிச்சுட்டாங்களா? உனக்கு ஒண்ணும் ஆகலையே?" ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். "யார் வந்தா? சொல்லு!"

"நீங்க..." என்றாள்.

"பட்டாளத்தான்களா? ரொட்டி விலை ஏறுனதுக்குக் கலகம் பண்ணாங்களா?"

"நான்தான் குடுத்தேன்."

அவர் கை தோளிலிருந்து நழுவியது.

"எல்லாத்தையும். வெள்ளிய வாங்கிட்டு எல்லாத்தையும் குடுத்துட்டேன். நீங்க பிரிஸ்டல் கோச்சுல போனத ஓபேட் பாத்திருக்கான். அலமாரி காலி. அத்தையோட கரண்டி இல்ல. வெல்ஸ்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் என்ன நினைக்கணும், நீங்களே சொல்லுங்க."

ஜேபெஸ் சத்திரத்து ஆளுக்குக் கை காட்டினார். அவன் பெட்டியை இறக்கிவிட்டு வேகமாக வெளியேறினான். அவர் மண்டியிட்டுப் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார். பெட்டி நிறைய லண்டன் பேங்க் அடித்த வெள்ளி, எந்த ஊரிலும் யாரும் மறுக்காத வெள்ளி, புதுசாக மின்னியது.

"சட்டம் வருதுன்னு போன வாரமே தெரிஞ்சுது" என்றார். "ஊருக்குத் தெரியுறதுக்குள்ள கையில நல்ல வெள்ளி இருக்கணும்னு நினைச்சேன். தெரிஞ்சப்புறம் போனா பிரிஸ்டல்ல ஒருத்தனும் ஒண்ணும் தர மாட்டான். நோட்டும் தங்கமும் குடுத்து மாத்தினேன். பத்தல. அம்மா கரண்டிய வித்தேன். வர்றவங்களுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே மாத்திக் குடுக்கலாம்னு வந்தேன், டாமரிஸ்."

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"அத என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்டச் சொன்னா லெட்டிஸுக்குத் தெரியும். லெட்டிஸுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள பிரிஸ்டலுக்கே தெரியும்."

பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த லெட்டிஸ், "நானா? நான் எப்ப மாமா..." என்று ஆரம்பித்தாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். அரைமணியில் கொலார்டு திரும்பி வந்த செய்தி ஊர் முழுக்கத் தெரிந்தது.

ஜேபெஸ் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஓடிட்டேன்னு ஊரு நினைக்கட்டும். நீயுமா நினைச்ச?"

"நானும்தான்" என்றாள் டாமரிஸ்.

ஜேபெஸ் எழுந்தார். அவர் கதவை அகலத் திறந்து வைத்தார். நேற்று கூட்டத்தில் வர முடியாமல் போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொலார்டு வெள்ளியை நீட்டிவிட்டு, பேங்க் வெள்ளியை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார்கள். கிரேஸ் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது என் வீட்ல ஓட மாட்டேங்குதும்மா" என்றாள். அது அவள் கையில் நன்றாகவே டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. சிலர் நாற்காலிகளை இரவோடிரவாக வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலான சாமான் திரும்பி வரவில்லை. ஹேனம் மட்டும் நேரில் வந்து சொன்னார்.

"கட்டிலக் கேக்காதீங்க முதலாளி. என் பொண்டாட்டி ஒரு ராத்திரி அதுல படுத்துட்டா. இனி அவள எழுப்ப என்னால ஆகாது."

தொட்டி நிறையக் கொலார்டு வெள்ளி திரும்பி வந்திருந்தது. இனி அது காசு இல்லை. உருக்கினால் வெறும் வெள்ளி. ஜேபெஸ் அதைப் பெட்டியில் போட்டு மறுபடி பிரிஸ்டல் போகப் புறப்பட்ட அன்று, டாமரிஸ் கேட்காமலே தொப்பியைக் கட்டிக்கொண்டு கோச்சில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

வழியில் பருத்த ஆள் ஒருவர் ஏறினார். பாலாடைக்கட்டி வியாபாரி. பேசாமல் இருக்கத் தெரியாதவர்.

"ஆஷ்கோம்ப்லயிருந்தா வர்றீங்க? அப்ப அந்தக் கதை தெரிஞ்சிருக்குமே! வெள்ளி அடிச்ச கடைக்காரன் ஓடிட்டான்னு, அவன் சம்சாரம் வீட்டையே அள்ளிக் குடுத்துட்டாளாமே?"

ஜேபெஸ், "கொஞ்சம் கேள்விப்பட்டோம்" என்றார்.

"கொஞ்சமா! முழுசாக் கேளுங்க. அவ துணி அளக்குற கஜக்கோலால ஆளாளுக்கு அடி வேற. கட்டில நடுத்தெருவுல போட்டுக் கொளுத்திட்டாளாம். அதுவும் பரவால்ல. ஊரு பாக்க நின்னு என்ன சொன்னா தெரியுமா? அவன் எனக்குப் புருஷனே இல்ல, திருடன், கடல்ல மூழ்கிச் செத்தாலும் கறுப்புத் துணி போட மாட்டேன்னாளாம்! நாலு பேரு இத ஒரே மாதிரி சொல்றாங்க."

ஊரில் யாரும் ஜேபெஸிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. டாமரிஸும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள். இப்போது அவர் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவில்லை. கோச் குலுங்கும்போது தோளில் உரசிய அவர் கை, கட்டையாக விறைத்துப் போயிருந்தது.

ஜேபெஸ் வியாபாரியைக் கேட்டார். "அந்தம்மா அழுதாங்களா?"

"அதான் அதிசயம்! ஒரு சொட்டு இல்லையாம். கல்லுன்னா கல்லு."

"கட்டில எரிக்கல" என்றார் ஜேபெஸ். "கசாப்புக்காரர் வீட்ல இருக்கு. யாரையும் அடிக்கவும் இல்ல. மத்தது எனக்குத் தெரியாது, இப்ப நீங்க சொல்லித்தான் கேக்குறேன். ஓடிப்போன ஆளு நான்தான். இவங்க டாமரிஸ் கொலார்டு."

வியாபாரியின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. அடுத்த சத்திரத்தில் கோச் நின்றதும், இறங்க வேண்டிய ஊர் வருவதற்கு முன்பே, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே கோச்சின் கூரை மேல் இருந்த இருக்கைக்கு ஏறிப் போய்விட்டார்.

பிரிஸ்டல் தட்டான் எதிர்பார்த்ததைவிடக் குறைத்துத்தான் கேட்டான். ஜேபெஸ் பேரம் பேசவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கடையை மறுபடி தொடங்க அதுவும் மிஞ்சிய பேங்க் வெள்ளியும் சேர்ந்து பாதிக்குக் காணும். மீதிக்குக் கடனில் சரக்குத் தர ஒரு துணி வியாபாரி ஒப்புக்கொண்டான். மனைவி வீட்டைக் கொடுத்து வாக்கைக் காப்பாற்றினாள் என்ற கதை அங்கேயும் போயிருந்தது. அந்த ஆள் டாமரிஸின் கையைக் குலுக்கினான். ஜேபெஸின் கையைக் குலுக்க மறந்துவிட்டான்.

துறைமுகத்துக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறியும் பீரும் வந்தன. ஜேபெஸ் கரண்டியைத் தொடவில்லை.

"திருடன்னா சொன்ன?"

"சொன்னேன்."

"கறுப்புத் துணி போட மாட்டேன்னு?"

"அதையும் சொன்னேன்." கடை காலியான அன்று வராத கண்ணீர், இப்போது இத்தனை பேர் நடுவில், தட்டில் சொட்டியது. "உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். வாய் வரல."

"பொய் சொல்லிட்டுப் போனது நான். அது எனக்குத் தெரியுது" என்றார். ஜன்னல் வழியே பாய்மரங்களைப் பார்த்தார். "ஆனா இத நான் மறக்கணும், டாமரிஸ். மறந்துருவேன்னுதான் நினைக்கிறேன். இன்னிக்கு முடியாது."

"அவசரம் இல்ல" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கறி ஆறுது. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட ஆரம்பித்தார்.